கையால் தாங்குவதா, எக்கச் சொல்லி எண்ணுவதா? பிள்ளைகளின் கெண்டைக்காலை அளந்த கதை

போன வருஷம் நுனிக்காலிலேயே நடக்கும் ஏழு வயதுப் பையன் ஒருவனை என்னிடம் பிசியோதெரபிக்குக் கூட்டி வந்தார்கள். கெண்டைக்கால் பலம் எவ்வளவு என்று எழுதியாக வேண்டும். வழக்கமாக வலது காலை இடது காலோடு ஒப்பிடுவோம். இரண்டு காலிலுமே சிக்கல் என்றால்? டுஷென் தசைச்சிதைவு நோயில் இரண்டு கெண்டைக்காலும் உருண்டு திரண்டு பயில்வான் கால் மாதிரி இருக்கும், உள்ளே பலம் இருக்காது. அங்கே கண்ணும் ஏமாறும், அடுத்த காலும் உதவாது. நன்றாக ஓடியாடும் அதே வயதுப் பிள்ளைகளின் அளவு கையில் இருந்தால்தான் ஆகும். பக்கத்துப் பள்ளியில் அனுமதி கேட்டு, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, சனிக்கிழமைகளில் அளக்கப் போனேன்.

தசை பலத்தை ஒரே சீரான வேகத்தில் இயங்கவைத்து அளக்கும் ஐசோகைனடிக் இயந்திரத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்: துல்லியம் அதில்தான், ஆனால் விலை லட்சக்கணக்கில், இருக்கையும் பாதத்தட்டும் பெரியவர்களின் அளவில். பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. மிச்சம் இரண்டு வழிகள். ஒன்று, அழுத்தும் விசையை அளந்து காட்டும், கையில் பிடிக்கும் டைனமோமீட்டர். இன்னொன்று, ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லி எண்ணுவது.

முதலில் எடுத்துப் போனது டைனமோமீட்டரைத்தான். எண் வருகிறது, நியூட்டனில் வருகிறது, ரிப்போர்ட்டில் எழுத அழகாக இருக்கிறது. பிள்ளையைப் படுக்கவைத்து, முழங்காலை நீட்டி, விரல்களுக்குக் கீழே பாதத்தின் தடித்த மேட்டில் கருவியை வைத்து, “மிதி, மிதி, நல்லா மிதி” என்று சொல்ல வேண்டும். ஆறு வயதுக் குழந்தைகளிடம் பிரச்சினையே இல்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் மிதித்தான் பாருங்கள், கருவியோடு நானும் பின்னால் நகர்ந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கூட்டம் கைதட்டியது.

கூச்சமாக இருந்தாலும், விஷயம் அங்கேதான் பிடிபட்டது. 30 கிலோ எடையுள்ள பிள்ளை ஒற்றைக்காலில் எக்கி நிற்கும்போது, அந்த 30 கிலோவும் பாதத்தின் முன்மேட்டில்தான் இறங்குகிறது. கிட்டத்தட்ட 300 நியூட்டன். நொண்டி ஆடும்போது இன்னும் கூடும். அதாவது, சும்மா பரணில் இருப்பதை எடுக்க எக்கும் பிள்ளையின் கெண்டைக்காலைத் தாங்கவே, நான் கையை நீட்டியபடி 30 கிலோவை அசையாமல் பிடிக்க வேண்டும். அவன் முழுப் பலத்தோடு மிதித்தால்? என் கை எங்கே தோற்கிறதோ அந்த எண்தான் திரையில் நிற்கும். அது அவன் பலம் அல்ல, என் பலம். காலையில் அளந்த பிள்ளைகளைவிட மதியம் அளந்தவர்களுக்கு எண் குறைந்தது. அவர்கள் கால் சோர்ந்ததாலா, என் தோள் சோர்ந்ததாலா என்று எப்படிச் சொல்வது? பெல்ட்டால் கருவியைச் சுவரோடு கட்டினால் இது தீரும். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டி அவிழ்ப்பதற்குள் மதிய மணி அடித்துவிடுகிறது.

கருவி வைக்கும் இடம் இன்னொரு தலைவலி. கணுக்காலிலிருந்து பாத மேடு வரை 10 சென்டிமீட்டர்தான் இருக்கும் சின்னக் காலில், ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே பத்தில் ஒரு பங்கு பிசகிவிடும்.

அதனால் எண்ணும் பக்கம் சாய்ந்துவிட்டேன். வெறுங்கால். தோள் உயரத்தில் சுவரில் இரண்டு விரல் நுனி, அதுவும் தடுமாறாமல் இருக்க மட்டும். போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம், நிமிடத்துக்கு 60 தட்டு: ஒரு தட்டுக்கு மேலே, அடுத்த தட்டுக்குக் கீழே. முழங்கால் மடங்கக் கூடாது. கெண்டைக்காலின் மேல்தசை முழங்காலைத் தாண்டி மேலே போய் ஒட்டுகிறது. மடக்கினால் அது தளர்ந்து, உள்ளே இருக்கும் சோலியஸ் தசை மேல் பாரம் போய்விடும். தொடையும் களவாக உதவிக்கு வரும்.

உயரத்தைக் காப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை. முதல் முறை முழுசாக எக்கவைத்து, உச்சந்தலை எட்டும் உயரத்தில் இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு நூலைக் கட்டினேன். தலை நூலைத் தொட்டால்தான் ஒன்று. அடுத்தடுத்து இரண்டு முறை தொடாவிட்டால் ஆட்டம் முடிந்தது. நூல் இல்லாத முதல் வாரம் எல்லாருமே வீரர்கள். நூல் வந்த பிறகு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. அந்த முதல் வாரக் கணக்கு மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன்.

சலிப்பும் சோர்வும் ஒன்றுபோலத் தெரியும் என்று பயந்தேன். அப்படி இல்லை. சோர்ந்த பிள்ளைக்குக் கெண்டைச்சதை வெடவெடக்கும், முழங்கால் மெல்ல மடங்கும், தலை நூலுக்குக் கீழேயே நின்றுவிடும். சலித்த பிள்ளை நூலை நன்றாகத் தொட்டுவிட்டு, “போதும் மிஸ்” என்று இறங்கிவிடும். அதை வேறொரு நாள் மறுபடி அளப்பேன்.

1995-ல் லன்ஸ்ஃபோர்ட், ஜாக்குலின் பெர்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே முறையில் 203 பேரை அளந்து, 25 முறை தூக்கினால் இயல்பு என்று வைத்தார்கள். அவர்கள் அளந்தது பெரியவர்களை. அந்த 25-ஐ ஆறு வயதுக் குழந்தையின் தலையில் கட்டி “பலவீனம்” என்று எழுதுவதை ரிப்போர்ட்களில் பார்த்திருக்கிறேன், எரிச்சலாக வரும்.

எண்ணும் முறையிலும் ஓட்டை உண்டு. அது சொல்வது தாக்குப்பிடிப்பை. உச்சபட்ச பலம் எவ்வளவு என்று அதிலிருந்து கறக்க முடியாது. உடல் எடைதான் பாரம் என்பதால், ஒரே வகுப்பில் 22 கிலோ பெண்ணும் 40 கிலோ பெண்ணும் தூக்குவது ஒரே பாரம் அல்ல. எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எடையையும் எழுதாவிட்டால் கனத்த பிள்ளைக்கு அநியாயம். ஐந்து வயதுக்குக் கீழே நான் அளந்தது ஏழெட்டுப் பேரைத்தான். பாதிப் பேர் தாளத்துக்கு எக்காமல் குதித்தார்கள். அந்த வயதுக்கு இது சரிப்படுமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்: மறுநாள் கால் வலிக்கும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போன் வந்தது. “மேடம், என்ன பண்ணினீங்க? மாடிப்படி இறங்க மாட்டேங்கிறா.” இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

டைனமோமீட்டரைப் பரணில் போடவில்லை. பாதத்தை மேல்நோக்கித் தூக்கும் முன்கால் தசைக்கு அதையே வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தசையை என் கை தாங்கும்.