‘வெறும் அமினோ அமிலம்தான், அதுவும் லோ டோஸ்’ என்று சொல்லி விற்கும் தூக்கக் கேப்சூல்: வாங்கும் முன் படியுங்கள்

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களோ உங்கள் வீட்டில் யாராவதோ சாப்பிட்டு வந்தால், இந்தப் பதிவை முழுசாகப் படித்துவிடுங்கள். ‘மனசும் தெளியும், தூக்கமும் வரும், பக்கவிளைவே கிடையாது’ என்று ஆன்லைனில் விற்ற ஒரு கேப்சூலால் என் தங்கை ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்தாள். புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே பேச்சைப் பேசி விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் அதுவே உங்களுக்கு உதவும்.

தங்கை எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சாப்பிட்டு வந்தாள். மனசு தேறிக்கொண்டு வந்தது, தூக்கம்தான் பிடிக்கவில்லை. கேப்சூலை வாங்கும் முன்பே, தான் சாப்பிடும் மாத்திரையின் பெயரைச் சொல்லி அந்த நிறுவனத்தின் ‘ஆலோசகரிடம்’ கேட்டிருக்கிறாள். வந்த பதில் இன்றைக்கும் அவள் போனில் இருக்கிறது: “இது மருந்தே இல்லை மேடம், சாப்பாட்டில் இருப்பதுதான். எந்த மருந்தோடும் எடுக்கலாம்.” எத்தனை மில்லிகிராம் என்று கேட்டதற்கு, “லோ டோஸ்தான் மேடம்.” அதற்குமேல் எவ்வளவு கேட்டும் ஓர் எண் வரவில்லை.

பாட்டிலிலும் அந்த எண் இல்லை. ‘அமினோ அமிலக் கலவை, 600 மி.கி.’ என்று மொத்தமாக ஒரு வரி. கீழே பொடி எழுத்தில் கிளைசின், டிரிப்டோஃபேன், தியானின், 5-எச்டிபி என்று நாலு பெயர்கள். எதில் எவ்வளவு என்று எங்கேயும் போடவில்லை. ஏமாற்றே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

தூக்கத்துக்காக கிளைசினை ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த அளவு 3 கிராம். டிரிப்டோஃபேனைப் பெரும்பாலும் 1 கிராம் அளவிலோ அதற்கு மேலோ கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நாலையும் சேர்த்தே 600 மில்லிகிராம் என்றால், இந்த இரண்டும் அதில் பேருக்குத்தான் இருக்க முடியும். ஆனால் 5-எச்டிபி அப்படியல்ல. 50, 100 மில்லிகிராமிலேயே வேலை செய்கிற பொருள் அது. அந்த 600-க்குள் 50 இருந்தாலும் 300 இருந்தாலும் வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை.

சாப்பாட்டில் இருப்பதுதான் என்று சொன்னதும் பொய். டிரிப்டோஃபேன் பாலிலும் முட்டையிலும் பருப்பிலும் இருக்கிறது, உண்மைதான். 5-எச்டிபி நாம் சாப்பிடும் எதிலும் சொல்லும்படியாக இல்லை. கடைக்கு வருவது மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் கிரிஃபோனியா என்ற செடியின் விதையிலிருந்து பிரித்தெடுத்தது. டிரிப்டோஃபேனை உடம்பு முதலில் 5-எச்டிபியாக மாற்றி, பிறகு அதைச் செரோடோனினாக, அதாவது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் ஒரு ரசாயனமாக, மாற்றுகிறது. எவ்வளவு செரோடோனின் உண்டாக வேண்டும் என்பதை உடம்பு அந்த முதல் படியில்தான் கட்டுப்படுத்துகிறது. 5-எச்டிபியை நேராக விழுங்கினால் அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டிவிடுகிறது, மூளைக்குள்ளும் எளிதாகப் போகிறது. எஸ்சிட்டலோப்ராம் போன்ற மாத்திரைகளோ, வெளிவந்த செரோடோனினை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுப்பவை. ஒரு பக்கம் வரத்து கூடி, இன்னொரு பக்கம் வடிகால் அடைபட்டால் என்ன ஆகும்?

கைநடுக்கம் முதலில் வந்தது. அப்புறம் காரணமில்லாமல் வியர்வை, வயிற்றுப்போக்கு, நெஞ்சு படபடப்பு. எதற்காக வாங்கினாளோ அந்தத் தூக்கம் சுத்தமாகப் போயிற்று. ஆலோசகருக்கு எழுதினாள். “உடம்பிலிருக்கும் கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி. இரண்டாகக் கூட்டுங்கள். டாக்டர் மாத்திரையை நிறுத்திப் பாருங்கள், அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை” என்று பதில்.

இந்த ஒரு வாக்கியத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. எஸ்சிட்டலோப்ராம் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, எரிச்சல், பதற்றம் எல்லாம் வரலாம், பழைய மனச்சோர்வும் திரும்பலாம். முகம்கூடப் பார்க்காத ஒருவரின் சிகிச்சையை நிறுத்தச் சொல்ல இவர்கள் யார்? அவள் நிறுத்தவில்லை, எங்களிடம் சொன்னாள். அன்றைக்கே அழைத்துப் போனோம்.

டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தார், கால் துள்ளியது. பாதத்தை மேல்நோக்கி அழுத்தினார், அது தானாகவே துடித்தது. செரோடோனின் அளவுமீறியிருக்கிறது என்றார். இதை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை கிடையாது. அறிகுறிகளையும் என்னென்ன சாப்பிட்டார் என்பதையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பாட்டிலைக் கொண்டுபோனதால் உடனே பிடிபட்டது. கேப்சூலை நிறுத்தி, பக்கத்திலேயே வைத்துக் கண்காணித்தார்கள், தேறினாள். முற்றியிருந்தால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

பணம்? திறந்த பாட்டிலுக்குத் திரும்பத் தர மாட்டார்களாம். அதற்குள் அடுத்த பாட்டிலுக்கும் கார்டில் எடுத்துவிட்டார்கள்.

எதை விழுங்குகிறோம் என்று தெரியாமல் போவதன் விலையை உலகம் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கிறது. 1989-இல் அமெரிக்காவில் தூக்கத்துக்கும் மனசுக்கும் டிரிப்டோஃபேன் மாத்திரை சாப்பிட்டவர்களில் 1,500-க்கும் மேற்பட்டோருக்குக் கடும் தசைவலி நோய் வந்தது, 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலான பாதிப்புகள் ஒரே தயாரிப்பாளரின் சரக்கோடும் அதிலிருந்த கலப்புகளோடும் தொடர்புபடுத்தப்பட்டன. இன்றைக்கும் லேபிளை அப்படியே நம்ப முடியாது. 2017-இல் கனடாவில், தூக்கத்துக்காக விற்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, 8-இல் லேபிளில் சொல்லாத செரோடோனினே இருந்தது.

தங்கையின் தூக்கத்துக்கு வழி அவளுடைய டாக்டரிடமே இருந்தது என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எஸ்சிட்டலோப்ராம் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அவள் இரவில் சாப்பிட்டு வந்ததைக் காலைக்கு மாற்றினார். கூடவே தூக்கமின்மைக்கான பேச்சு, பழக்கவழக்கச் சிகிச்சைக்கும் எழுதிக் கொடுத்தார். இப்போது ஓரளவு நன்றாகத் தூங்குகிறாள்.

மனச்சோர்வு மாத்திரை மட்டுமல்ல, டிரமடால் என்ற வலி மருந்து, லினெசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து சாப்பிடுபவர்களும் 5-எச்டிபி, டிரிப்டோஃபேன் பக்கம் தாமாகப் போக வேண்டாம். ஏற்கெனவே சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கேப்சூலை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் தெரிந்தால் நடுராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.