சாதா சுவிட்சா, மேனேஜ்டு சுவிட்சா?

கம்ப்யூட்டர்களை கேபிள் வழியே ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிதான் நெட்வொர்க் சுவிட்ச். அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது மேனேஜ்டு, மாற்ற முடியாதது சாதா. பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர் உள்ள அலுவலகத்துக்கு சாதா சுவிட்ச் போதும் என்பார்கள். கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது, விலையும் குறைவு.

சிக்கல் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். மேசையைத் துடைப்பவர் ஒரு முனை ஏற்கெனவே நெட்வொர்க்கில் இருக்கும் கேபிளின் தொங்கும் மறுமுனையையும் சுவரில் உள்ள நெட்வொர்க் சாக்கெட்டில் செருகிவிடுகிறார் என்று வையுங்கள். பிராட்காஸ்ட் ஃபிரேம்கள், அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போகும் தகவல் துண்டுகள், சுற்றிச் சுற்றி வரும். இணையத்தில் போகும் ஐபி பாக்கெட்டுக்கு இருப்பதுபோல், கேபிளில் ஓடும் இந்த ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. சில நொடிகளில் அலுவலகமே முடங்கும். சாதா சுவிட்சில் எல்லா விளக்கும் படபடவென்று மின்னும், அவ்வளவுதான். கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேட வேண்டும். மேனேஜ்டு சுவிட்சில் இப்படிச் சுற்றுப் பாதை உண்டாவதைக் கண்டு தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு ஓடினால், அந்த போர்ட்டை அதுவே அடைத்துவிடும்.

அப்புறம் விலான் (VLAN), அதாவது ஒரே சுவிட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி. சிசிடிவி, விருந்தினர் வைஃபை, கணக்குப் பிரிவு மூன்றையும் ஒரே பெட்டிக்குள் தனித்தனியாகப் பிரிக்கலாம். சாதா சுவிட்சில் இது நடக்காது.

ஆனால் மேனேஜ்டு சுவிட்சுக்கு ஆள் வேண்டும். முதல் நாளே பாஸ்வேர்டை மாற்றணும், ஃபர்ம்வேரை (சுவிட்சுக்குள் ஓடும் மென்பொருளை) புதுப்பிக்கணும். சிஸ்கோ சுவிட்சுகளை இயக்கும் ஐஓஎஸ் மென்பொருளில் மாற்றத்தைச் சேமிக்க மறந்தால், கரண்ட் போய் வந்ததும் பழைய அமைப்புதான் இருக்கும். யூபிஎஸ் இல்லாத கடைகளில் இது வாடிக்கை.

கேமராவும் விருந்தினர் வைஃபையும் இருந்தால் நான் மேனேஜ்டுதான் வாங்கச் சொல்வேன். வெறும் பில்லிங் கம்ப்யூட்டரும் பிரிண்டரும்தானா? சாதா சுவிட்ச் வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல கேபிள் போடுங்கள்.