கம்பாக்டர் ரேக்: எலி போச்சு, வழியும் போச்சு

செயின் மாற்றி, பேரிங் மாற்றி, எங்கள் ரெக்கார்டு ரூம் கம்பாக்டர் ஒருவழியாக மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது. மெக்கானிக் கிளம்பிய அன்றைக்கே பக்கத்துத் தாலுகாவிலிருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணினாள். குரூப் 4 எழுதி வந்தவள், ரெக்கார்டு பொறுப்பு அவள் தலையில் விழுந்திருக்கிறது. "அக்கா, எங்க ஆபீசுக்கும் கம்பாக்டர் வாங்கப் போறாங்களாம். எப்படிக்கா இருக்கும்?" போனில் நான் சொன்னதில் பாதி திட்டு. அதனால் நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நிதானம் எத்தனை பத்தி தாங்கும் என்பது வேறு விஷயம்.

தண்டவாளத்தில் நகரும் இரும்பு ரேக், முன்னால் கைப்பிடிச் சக்கரம். சுற்றினால் ரேக்குகள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வேண்டிய இடத்தில் மட்டும் சந்து விடும். பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. கம்பெனிப் பெயரும் ஆபீஸ் பெயரும் கேட்காதீர்கள். வடசென்னை, உப்புக் காற்று அடிக்கிற தூரம். அது போதும்.

எலித் தொல்லை ஒழிந்தது. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. திறந்த ஆங்கிள் ரேக் இருந்த காலத்தில் ஒரு கட்டை அவிழ்த்தால் கோப்பு அட்டையின் ஓரம் முழுக்கப் பல் பட்டிருக்கும், குறிப்புக் கோப்பின் முதல் நாலு பக்கம் பொடியாக உதிரும். கையெழுத்து இருக்கிற இடமாகப் பார்த்து எப்படித்தான் கடிக்குமோ. பொறி வைத்தோம், பாச்சா உருண்டை போட்டோம், பூனை ஒன்று தானாகவே வந்து சேர்ந்தது. அது தபால் செக்‌ஷனில் தூங்கும். கம்பாக்டரை மூடினால் ரேக்குக்கு ரேக் ரப்பர் பட்டை ஒட்டிக்கொள்கிறது. எலி நுழைய வழியில்லை. கன்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதியும் உள்ளே வருவதில்லை. முன்பு ரெக்கார்டு ரூமில் ஒரு மணி நேரம் இருந்தாலே தும்மல் பிடிக்கும், இப்போது இல்லை.

இடமும் தாராளம். நடைவழிகளெல்லாம் போய்விட்டதால் அதே அறையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டு அடங்குகிறது. சக்கரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாள் எவ்வளவு கனம் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். 500 தாள் உள்ள ஒரு ஏ4 கட்டே இரண்டு கிலோவுக்கு மேல். அப்படிக் கட்டுக்கட்டாக அடைத்த ரேக்கை, ரிட்டயர்மென்ட் நெருங்கிய எங்கள் அலுவலக உதவியாளர் அண்ணன் ஒரு கையில் டீ கிளாசோடு மறு கையால் சுற்றுவார். பல்சக்கரமும் செயினும் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. நல்ல வேலைப்பாடு, மறுக்க மாட்டேன்.

ஆனால் சந்து ஒன்றே ஒன்று.

ரேக் எத்தனை இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு சந்துதான் திறக்கும், மற்றதெல்லாம் மூடிக்கொள்ளும். இடம் மிச்சமாவதே அதனால்தான் என்பது எனக்கும் தெரியும். காலை பதினோரு மணிக்கு அது தெரிந்து என்ன பயன்? ஏ செக்‌ஷனில் ஒரு உயர் நீதிமன்ற வழக்கு, மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் சொல்லும் பத்திவாரிக் குறிப்புரை சாயந்திரத்துக்குள் அரசு வழக்கறிஞர் அலுவலகம் போக வேண்டும். அதற்கு ஒரு பழைய நி.மு. கோப்பு, அதாவது நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய கோப்பு, வேண்டும். சி செக்‌ஷனில் தகவல் உரிமைச் சட்ட மனு, 30 நாள் கெடு நாளையோடு முடிகிறது. அதற்கு ஒரு ப.மு. கோப்பு, பத்து வருஷம் வைத்திருக்க வேண்டியது. ஏ செக்‌ஷன் சார் ஒரு சந்துக்குள் போய்விட்டார். சி செக்‌ஷன் மேடம் வெளியே, பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்கிற ரயில் மாதிரி நிற்கிறார். உள்ளே போனவரோ கட்டை அங்கேயே அவிழ்த்து, நின்றபடியே பக்கம் புரட்டுகிறார்.

"சார், கட்டோட வெளிய எடுத்துட்டு வந்து மேஜையில வச்சுப் பாருங்க சார்."

"இதோம்மா, ரெண்டே நிமிஷம்."

அந்த ரெண்டு நிமிஷத்துக்குக் கணக்கே கிடையாது. பொறுக்க முடியாதவர்கள் சக்கரத்தைச் சுற்றிவிடுவதும் உண்டு. உள்ளே ஆள் இருப்பது வெளியிலிருந்து தெரியாது. பூட்டு லிவர் இருக்கிறது, யார் போடுகிறார்கள்? ஒருநாள் அண்ணன் உள்ளேயிருந்து "யோவ், ஆள் இருக்குய்யா!" என்று போட்ட சத்தத்தில் பூனையே எழுந்து ஓடியது. அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். உள்ளே போகிறவர் தன் அடையாள அட்டையைக் கழற்றிச் சக்கரத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். அட்டை தொங்கினால் சக்கரத்தை யாரும் தொடக்கூடாது, ஆபீசரே வந்தாலும்.

இந்த ஒற்றைச் சந்தால் ஒரு நன்மையும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். திறந்த ரேக்கில் எல்லோரும் கண்ணாலேயே தேடிப் பழகியவர்கள். நடந்துகொண்டே கட்டின் மேல் எழுத்தைப் படித்துப் போனால் எங்கேயாவது மாட்டும். கம்பாக்டரில் அது நடக்காது, எந்த ரேக் என்று தெரிந்துகொண்டுதான் சக்கரத்தைத் தொடவே முடியும். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து இடப் பதிவேடு எழுதினோம். கோப்பு எண், முடிவு வகை, ஆண்டு, ரேக், தட்டு. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவே ஆவணங்களைப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைக்கச் சொல்கிறது. சட்டம் சொல்லி ஆகாதது, சக்கரத்தால் ஆனது. எழுதும்போதுதான் மூன்று வருஷத்தோடு அழித்திருக்க வேண்டிய மூ.மு. கோப்புகள் நிரந்தரக் கோப்புகளோடு கலந்து குடித்தனம் நடத்துவது தெரிந்தது. ஒரே வருஷத்தில் அழிக்க வேண்டிய ஓ.மு. கதையைக் கேட்கவே வேண்டாம்.

அடுத்து தண்ணீர். இந்தக் கனத்தை மாடித்தளம் தாங்குமா என்ற பயத்தில் கம்பாக்டரைக் கீழ்த்தளத்தில்தான் வைப்பார்கள். வடசென்னையில் கீழ்த்தளம் என்றால் மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் அந்த அறையிலேயே தாழ்வான இடம் தண்டவாளப் பள்ளம், சேறு நேராக அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. கீழ்த்தட்டுக் கட்டுகள் தண்ணீர் குடித்து உப்பி, தட்டுக்குள்ளேயே இறுகிக்கொண்டன. ஊதா ஸ்டாம்பு மை கரைந்து பக்கம் பக்கமாகப் பரவியது. ஈரத் தாளில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை பிடிக்கும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்க வேண்டும். அந்த நேரத்திலும் சந்து ஒன்றுதான்! சக்கரமும் பாதியில் நின்றுகொண்டது. பேப்பர் விரித்து, ஃபேன் போட்டு, பக்கம் பிரித்து உலர்த்தியதில் ஒரு மாதிரி தப்பித்தது, எல்லாம் இல்லை.

அந்தச் சேற்றோடு உப்புக் காற்றும் சேர்ந்து மெல்ல மெல்லத் தின்றதன் பலன்தான் இப்போதைய ரிப்பேர். கம்பெனிக்காரர் பாகம் வரத் தாமதமாகும் என்று கைவிரித்துவிட்டார். அதே அளவு பேரிங் மண்ணடியில் கிடைத்தது. பில்லைச் சில்லறைச் செலவில் பாஸ் பண்ண வைத்த கதையைத் தனியாக எழுத வேண்டும்.

இனி எல்லாம் இ-ஆபீஸ்தானே, எதற்கு ரேக் என்று கேட்பவர்களுக்கு: புதுக் கோப்பு கம்ப்யூட்டரில் ஓடும். 1970இல் போட்ட உத்தரவு கட்டில்தான் கிடக்கிறது.

ஆக, தங்கச்சி, எலி இல்லை, தூசி இல்லை, இடம் தாராளம், பதிவேடு ஒழுங்கு. இவ்வளவும் சொல்லிவிட்டு, வாங்காதே என்றுதான் சொல்வேன். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. மழைக்காலம் வராத மாசத்தில் கேட்டிருந்தால் மூன்றரை கொடுத்திருப்பேன். ஆனால் உங்கள் ஆபீசர் வாங்கத்தான் போகிறார். ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், அதற்கு மேல் நம் பேச்சு எடுபடாது. அப்படியானால் அடிக்கடி கேட்கிற கோப்புகளை மட்டும் வெளியே ஒரு திறந்த ரேக்கில் வைத்துக்கொள், நி.மு. மட்டும் உள்ளே போகட்டும். எல்லாவற்றையும் உள்ளே அடுக்கு என்று மேலிருந்து சொன்னாலும் கொஞ்ச நாள் இழுத்தடி. கீழ்த்தட்டில் காலி அட்டையைத் தவிர எதுவும் வைக்காதே. சர்வீஸ் ஒப்பந்தத்தில் செயினும் பேரிங்கும் சேர்ந்திருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னாலேயே ஒரு தடவை படித்துப் பார். எங்களுடையதில் கூலி மட்டும்தான் இருந்தது.