நிலக்கரி மாதிரிப் பெட்டி: நான்காம் சிமிழுக்காக வாங்கலாம்

பள்ளி ஆய்வகத்திற்காக இணையவழியில் வாங்கிய இந்தப் பெட்டியில், பட்டை நிலக்கரியில் (பட்டைபட்டையாக அடுக்குகள் தெரியும் நிலக்கரியில்) கண்ணாலேயே பிரித்தறியக்கூடியவை என்று 1919இல் தொல்தாவரவியலாளர் மேரி ஸ்டோப்ஸ் வகுத்துக் காட்டிய விட்ரெய்ன், கிளாரெய்ன், டியூரெய்ன், ஃபியூசெய்ன் ஆகிய நான்கு கூறுகளும் தனித்தனிச் சிமிழ்களில் இருக்கின்றன. 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை ஒன்றும் உடன் வருகிறது. முதல் மூன்று மாதிரிகளிலும் குறையில்லை.

நான் பெட்டியை வாங்கியது நான்காவதற்காக. ஃபியூசெய்ன் என்பது 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சதுப்புக் காடுகளில் மூண்ட தீ விட்டுச்சென்ற கரி. தொட்டால் அடுப்புக்கரியைப் போலவே விரலில் ஒட்டுகிறது. கைவில்லையில் பார்த்தால் பட்டு போன்ற மினுமினுப்புடன் மரத்தின் நாரமைப்பு தெளிவாகத் தெரிகிறது. எரியாத மரம் மண்ணின் சுமையில் நசுங்கி உருவிழக்க, போதிய காற்றின்றிக் கருகிய மரத்தின் செல்சுவர்கள் மட்டும் இறுகி வடிவத்தைக் காத்துக்கொண்டதே இதற்குக் காரணம். இவ்வளவு நல்ல துண்டை இந்த விலைக்கு நான் எதிர்பார்க்கவில்லை.

காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் காட்டுத்தீ பரவாது என்பதால், கரி கிடைக்கும் ஒவ்வொரு படிவும் அக்காலக் காற்றைப் பற்றிய சான்றாகிறது. நிலக்கரியிலுள்ள கரியின் அளவைக் கொண்டு, கார்போனிஃபெரஸ், பெர்மியன் என்னும் புவியியல் காலங்களில் (ஏறக்குறைய 36 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்) ஆக்சிஜன் 26 விழுக்காட்டுக்கு மேலேயே இருந்தது என்று ஆய்வாளர்கள் கிளாஸ்பூலும் ஸ்காட்டும் 2010இல் மதிப்பிட்டார்கள். இன்றைய அளவு 21. ஈரமான தாவரமும் எளிதில் பற்றிக்கொள்ளும் அந்தக் காற்றை மாணவர்களுக்கு விளக்க, சிமிழிலுள்ள துண்டைக் கையில் கொடுப்பதே போதுமானதாக இருந்தது. பெட்டியுடன் வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமளிக்கிறது.

அதைவிடப் பெரிய குறை மாதிரிகளின் பெயர்ச்சீட்டில் இருக்கிறது. ‘இங்கிலாந்து, கார்போனிஃபெரஸ்’ என்பதற்கு மேல் சுரங்கத்தின் பெயரோ படுகையின் பெயரோ இல்லை. எழுதிக் கேட்டும் விற்பனையாளரிடமிருந்து பதில் வரவில்லை. எந்தப் படுகையில் எடுத்தது என்று தெரியாத கரி, வகுப்பறைக்குப் பயன்படுமே தவிர ஆய்வுக்கு உதவாது.

வாங்குவோர் சிமிழிலுள்ள பஞ்சை உடனே அகற்றிவிடுவது நல்லது. அதன் இழைகள் கரியில் சிக்கிக்கொண்டு, கைவில்லையில் மரத்தின் நார்களைப் போலவே தோன்றி மாணவர்களைக் குழப்புகின்றன.