கிழிந்த டேக்: திரும்பப் பாடவைப்பதா, டீகிளிப்பா, ஒட்டுப் போடுவதா?

பாடகர் கிளம்பிப் போன பிறகுதான் பெரும்பாலும் பதிவில் உள்ள கிழிசல் காதில் விழும். டேக்கை, அதாவது ஒரு தடவை பாடிப் பதிவானதை, நிதானமாகக் கேட்கிறோம். பல்லவி அழகாக வந்திருக்கிறது, மூச்சு நிற்கிறது, உணர்வும் இருக்கிறது. உச்சஸ்தாயியில் ‘ஆ’ என்று நீட்டும் இடத்தில் மட்டும் காகிதத்தைக் கசக்குவதுபோல ஒரு கரகரப்பு. உடனே கை ஃபேடருக்குப் போகிறது. இழுத்தால் சத்தம் குறைகிறது, கிழிசல் அப்படியே இருக்கிறது.

இனி மூன்று வழிகள்தான். அந்த வரியைத் திரும்பப் பாடவைக்கலாம், வெட்டுப்பட்ட ஒலி அலையைத் திருத்தும் டீகிளிப் மென்பொருளால் சரிசெய்து பார்க்கலாம், வேறு டேக்கிலிருந்து அதே வரியை வெட்டி ஒட்டலாம். மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் எனக்குச் சார்பு உண்டு, மறைக்கப் போவதில்லை. ஆனால் கிழிசல் எங்கே பிறந்தது என்று தெரியாமல் எதில் இறங்கினாலும் அரை நாள் வீண்.

முதலில் அதே இடத்தை மூன்று நான்கு தடவை ஓடவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் ‘டக் டக்’ என்று கேட்டால் ஃபைலில் குறையே இல்லை. ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைக்கும் பஃபரை நேரத்துக்கு நிரப்ப முடியாமல் கம்ப்யூட்டர் திணறுகிறது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியைச் செகண்டுக்கு 48,000 தடவை (சாம்பிள்) அளக்கும் பதிவில், 128 சாம்பிள் பஃபர் என்பது 2.7 மில்லிசெகண்ட்தான். பாடுகிறவருக்குத் தன் குரல் தாமதமாகக் கேட்கக் கூடாது என்பதற்காக அவ்வளவு குறைக்கிறோம். மிக்ஸிங்கில் அந்தக் கட்டாயம் இல்லை. 1024க்கு ஏற்றினால் 21 மில்லிசெகண்ட் கிடைக்கும், டக்டக் பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டு டிஜிட்டல் கருவிகளை இணைத்துவிட்டு, இரண்டையும் தத்தம் கிளாக்கிலேயே (சாம்பிள் எடுக்கும் நேரக் கணக்கு) ஓடவிட்டாலும் இப்படி டக்டக் வரும். ஒன்றை மற்றதன் கிளாக்குக்கு மாற்றிவிட்டால் போதும். எச்சரிக்கை ஒன்று: பதிவின்போதே திணறல் இருந்திருந்தால் அந்த டக் ஃபைலிலேயே ஏறியிருக்கும், பிறகு பஃபரை மாற்றிப் பயனில்லை.

ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கிழிந்தால் வேவ்ஃபார்மை, அதாவது திரையில் தெரியும் ஒலி அலையின் படத்தை, பெரிதாக்கிப் பாருங்கள். மேடுகளின் தலை 0 டெசிபல் கோட்டில் (டிஜிட்டலின் உச்ச எல்லை) கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில், ஒலியை எண்களாக மாற்றும் கன்வெர்ட்டர் தாங்கவில்லை. தட்டை இருக்கிறது, ஆனால் மைனஸ் 6, மைனஸ் 8 என்று கீழேயே இருக்கிறது, ஃபைலை யாரும் குறைக்கவும் இல்லை என்றால், கன்வெர்ட்டருக்கு முன்னாலேயே வெட்டுப்பட்டிருக்கிறது. கீபோர்டின் லைன் அவுட்டை மைக் சாக்கெட்டில் சொருகியிருப்பார்கள், அல்லது மைக்கே திணறியிருக்கும். மைக் திணறினால் இன்டர்ஃபேஸில் கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவு) குறைத்தும் தீராது. மைக்கிலேயே சத்தத்தைக் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் பாடகரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மேடுகள் உருண்டையாகவே இருந்தும் காதுக்குக் கிழிகிறதென்றால் பிளகின்களை (டிராக்கின் மேல் போட்ட மென்பொருள் கருவிகள்) ஒவ்வொன்றாக அணையுங்கள். உரத்த இடங்களை அமுக்கும் கம்ப்ரஸரில் ரிலீஸ் நேரத்தை, அதாவது அமுக்கியதை விடுவிக்கும் நேரத்தை, மிகக் குறைத்து வைத்தால் அது தாழ்ந்த சுருதியின் ஒவ்வொரு அலையையும் துரத்திக்கொண்டு ஏறி இறங்கும். கேட்க அச்சு அசல் டிஸ்டார்ஷன்தான்.

இனி, உண்மையாகவே ஃபைலுக்குள் வெட்டுப்பட்ட டேக்.

டீகிளிப் முதலில் எல்லாரையும் இழுப்பது, யாரையும் திரும்பக் கூப்பிட வேண்டாம் என்பதால். ஆடாசிட்டியில் ‘கிளிப் ஃபிக்ஸ்’ இருக்கிறது, ஐசோடோப் ஆர்எக்ஸில் ‘டீகிளிப்’ இருக்கிறது. அடிப்படை ஒன்றுதான்: தலை போன மேட்டின் இரு பக்கச் சரிவையும் பார்த்து, மேலே என்ன வளைவு இருந்திருக்கும் என்று ஊகித்து வரைவது. ஊகம் எவ்வளவு தூரம் போக முடியும்? 400 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒன்று, 48 கிலோஹெர்ட்ஸில் பதிவானது. ஓர் அலைக்கு 120 சாம்பிள். தலையில் ஐந்தாறு சாம்பிள் தட்டையாகியிருந்தால் இரு பக்கமும் நிறையச் சாட்சி இருக்கிறது, மென்பொருள் வரைவது கிட்டத்தட்ட உண்மையாகவே இருக்கும். மேலே 30, கீழே 30 என்று போயிருந்தால் அலையில் பாதி காணோம். அங்கே வரைவது குரல் அல்ல, குரல்போல ஒன்று. கரகரப்பு குறையும், கூடவே அந்த ‘ஆ’வின் உயிரும் குறையும்.

டீகிளிப்பில் பலர் சறுக்குவது இரண்டு இடங்களில். முழு டிராக்குக்கும் ஓட்டிவிடுவார்கள். கெடாத மேடுகளையும் அது ‘திருத்தி’ வைக்கும், மெய்யெழுத்துகளின் கூர்மை மழுங்கும். கிழிந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, புதிதாக வளரும் தலைக்கு மேலே இடம் வேண்டும். ஆடாசிட்டி இதற்காகவே இயல்பாக 9 டெசிபல் குறைத்துத் தரும். ஈக்யூவும் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) கம்ப்ரஸரும் போட்ட பிறகு டீகிளிப் போடவே போடாதீர்கள். தட்டைத் தலை அதற்குள் சாய்ந்து நெளிந்துவிடும், மென்பொருளால் அடையாளம் காண முடியாது.

என் சார்பு ஒட்டுப் போடுவதன் பக்கம். இரண்டு மூன்று டேக் எடுத்திருந்தால் அதே வரி இன்னொன்றில் சுத்தமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பல்லவி திரும்ப வருகிற பாட்டானால் ஒரே டேக்கிலேயே கிடைக்கலாம். ஒட்டப்படுவது அவருடைய குரல், அதே மைக், அதே நாள். எந்த ஊகமும் இதற்கு ஈடாகாது. தமிழ்ப் பாட்டில் இதற்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது. க்க, ட்ட, த்த, ப்ப என்று வல்லினம் இரட்டிக்கிற இடத்தில் வாய்க்குள் காற்று வரும் வழி ஒரு கணம் முழுக்க அடைபடுகிறது. ‘பக்கம்’ என்று பாடிப் பதிவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள், நடுவில் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிடும். அந்த மௌனத்தில் வெட்டினால் எந்தக் காதுக்கும் தெரியாது. உயிரெழுத்தின் நீட்டலுக்கு நடுவில் வெட்டுவதுதான் சிரமம். இரண்டு டேக்கின் சுருதியும் அலையின் ஏற்ற இறக்கமும் பொருந்த வேண்டும், ஒன்று மங்கும்போதே மற்றது எழும் கிராஸ்ஃபேடும் 10, 15 மில்லிசெகண்டுக்கு வேண்டும். கமகம் வேறு மாதிரி விழுந்திருந்தால் அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டு முழு வரியையும் மாற்றுங்கள்.

திரும்பப் பாடவைப்பது எப்போது? பாடகர் இன்னும் அறையில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். கெயினை இறக்கி, ஒரு வரி முன்னாலிருந்து பாடச்சொல்லி பஞ்ச் இன் செய்யுங்கள், அதாவது கிழிந்த இடத்தில் மட்டும் புதிதாகப் பதிவுசெய்யுங்கள். மறுநாள் என்றால் நான் தயங்குவேன். குரலின் நிறம் மாறியிருக்கும், மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் மாறியிருக்கும். ஒரு வரி மட்டும் வேறொருவர் பாடியதுபோல் துருத்தும். அப்போது முழுப் பாட்டையும் திரும்ப எடுப்பதுதான் நியாயம், ஆனால் முதல் நாள் வந்த உணர்வு மறுபடி வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் கிழிந்த டேக்கை அழிக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

அடுத்த பதிவில் இது நடக்காமலிருக்கச் சொல்லப்படும் வழிகளிலும் போட்டி உண்டு. மென்பொருளில் லிமிட்டர் (சத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுப்பது) போட்டுப் பதிவுசெய்தால் தப்பிக்கலாம் என்பது தவறான நம்பிக்கை. சத்தம் கன்வெர்ட்டரில் வெட்டுப்பட்ட பிறகுதான் அந்த லிமிட்டரிடம் வருகிறது. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் லிமிட்டர் கருவியாக இருந்தால் பயன் உண்டு. லெவலைக் குறைப்பதுதான் எளிய வழி. ஒவ்வொரு சாம்பிளையும் 24 பிட் எண்ணாகப் பதியும்போது, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் கணக்கில் இழப்பது இரண்டு பிட், மீதி 22. அந்த 22 பிட்டால் பிடிக்க முடிகிற மிகச் சிறிய சத்தத்தைவிட அறையின் இரைச்சல் எவ்வளவோ மேலே நிற்கும். ‘மீட்டர் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றால்தான் தரம்’ என்பது 16 பிட் காலத்துப் பழக்கம். சவுண்ட் செக்கில் பாட்டின் மிக உரத்த வரியையே பாடச்சொல்லுங்கள். உண்மையான டேக்கில் அதைவிட உரக்கத்தான் பாடுவார், அதையும் சேர்த்துக் கெயினை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் இன்னொரு பக்கம். 2019இல் வந்த ஜூம் எஃப்6 போன்றவற்றில், சின்னச் சத்தத்துக்கு ஒன்று, பெரிய சத்தத்துக்கு ஒன்று என்று இரண்டு கன்வெர்ட்டர்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. 0க்கு மேலே போனதையும் பிறகு இறக்கினால் முழுத் தலையோடு திரும்ப வருகிறது. திரும்ப எடுக்கவே முடியாத பதிவுகளுக்கு இதை மனதாரப் பரிந்துரைப்பேன். ஆனால் மைக்கே திணறிய கிழிசலை அதுவும் அப்படியே எழுதி வைக்கும். 0க்கு மேல் நிற்கும் அந்த ஃபைலை இறக்காமலே 24 பிட்டாக எக்ஸ்போர்ட் செய்தால், அதுவரை இல்லாத தட்டைத் தலை அந்த நிமிடத்தில் உருவாகிவிடும்.