மீன் தொட்டிக்குள் புளியந்தூர்: கடைக் கட்டை, ஆற்றுக் கட்டையோடு ஓர் ஒப்பீடு

செடி வளர்க்கும் இரண்டரை அடி மீன் தொட்டிக்குள் போட ஒரு கட்டை தேடப் போய் மூன்று வகையையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. இப்போது உள்ளே இருப்பது புளியமரத்துத் தூர், அதாவது அடிக்கட்டை. அதனால் நான் எழுதுவது அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

கடையில் விற்கும் மோப்பானி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆப்பிரிக்க மரம், நல்ல கனம், பெரும்பாலும் போட்டதும் மூழ்கிவிடும், வாரக்கணக்கில் டீத்தண்ணீர் நிறம் விடும். விலைதான் கடிக்கும். அவசரத்துக்கு அதுவே சரி.

ஆற்றுக் கட்டைக்கு எனக்கும் ஆசை இருந்தது. காவேரிப்பட்டணம் பக்கம் தென்பெண்ணை வற்றிக் கிடந்தபோது மான்கொம்பு மாதிரி ஒன்று கிடைத்தது. ஆனால் தோல் போய் வெளுத்த கட்டை என்ன மரம் என்று யாருக்குத் தெரியும்? அரளியோ கள்ளியோ என்றால் மீனுக்கு ஆபத்து. அப்புறம், ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீரால் நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே ஆறுதான் இங்கேயும் வருகிறது. ஒகேனக்கல் பக்கம் ஒதுங்கும் கட்டைகள் இன்னும் அழகு, ஆனால் சுற்றிலும் காப்புக்காடு, கை வைக்கக் கூடாது. என் மான்கொம்பு நாலு மாதத்தில் நனைந்த ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது, விரலால் அமுக்கினால் அழுகிய முட்டை நாற்றம்.

அங்கேதான் விஷயமே இருக்கிறது: வைரம், அதாவது மரத்தின் நடுவில் இறுகிப்போன பாகம். கட்டையில் வைரம் பாய்ந்த பாகம் தண்ணீருக்குள் மக்காமல் நிற்கும், அதைச் சுற்றியுள்ள வெளுத்த பாகம் மக்கும். மாமரம் நம் ஊரில் எங்கும் கிடைத்தாலும் நான் அதைத் தொடாததற்குக் காரணம் இதுதான், அதில் வைரம் குறைவு. புளியில் நடுப்பாகம் கருஞ்சிவப்பாக, இரும்பு மாதிரி இருக்கும். கறிக்கடையில் வெட்டுவதற்கு அந்தக் கட்டையை வைத்திருப்பது சும்மா இல்லை. விறகுக் கடையில் ஒரு கோணல் தூரைக் கேட்டபோது, "அதைப் பொளக்கவே முடியல, எடுத்துட்டுப் போ தம்பி" என்று விறகு விலைக்கே கொடுத்தார்.

ஆனால் வேலை உண்டு. வெளுத்த பாகம் முழுவதையும் உளியால் செதுக்கி எடுக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் இன்னும் செதுக்க வேண்டும். பச்சைக் கட்டை வேண்டாம், நன்றாகக் காய்ந்ததுதான் வேண்டும். பிறகு விறகடுப்பில் அண்டா வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று தடவை வேகவைத்தேன், முதல் தண்ணீர் கட்டங்காப்பி நிறம். சோப்பு, பினாயில் எதுவும் கிட்டே வரக் கூடாது. அதற்கப்புறம் டிரம்மில் ஒரு மாதம் ஊறல். அப்படியும் ஒரு முனை தூக்கிக்கொண்டே நின்றது, பாலிஷ் பட்டறையில் கழித்துப் போட்ட கிரானைட் துண்டில் துருப்பிடிக்காத திருகு போட்டு முடுக்கினேன். கிரானைட் தண்ணீரில் கரையாது, மார்பிள் என்றால் கடினத்தன்மையை ஏற்றிவிடும்.

கட்டை போட்டால் பிஎச் இறங்கிவிடும், அதாவது தண்ணீரில் அமிலத்தன்மை ஏறிவிடும் என்று பயமுறுத்துவார்கள். நம் போர் தண்ணீரில் கார்பனேட் நிறைய இருப்பதால் கட்டை விடும் அமிலத்தை அதுவே தாங்கிக்கொள்கிறது, என் தொட்டியில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆர்ஓ தண்ணீரில் அந்தக் கார்பனேட் இருக்காது, அதை ஊற்றுபவர்கள் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கட்டைமேல் வெள்ளையாக வழவழவென்று ஒன்று படர்ந்தது, இறால் குஞ்சுகள் மூன்று வாரத்தில் மேய்ந்து முடித்துவிட்டன. இப்போது இடுக்கில் கட்டிய அனுபியாஸ் செடி வேர்பிடித்துவிட்டது.

என் தூர் தண்ணீருக்குள் போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது, நகம் இன்னும் இறங்கவில்லை. மோப்பானி மாதிரி பல வருஷம் தாங்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். விறகுக் கடைக்காரர் இப்போது கோணல் தூர் வந்தால் எனக்கென்று ஓரமாக எடுத்து வைக்கிறார், விலையையும் ஏற்றிவிட்டார்.