டப்பாவுக்குள் ஒரு பம்பாய் சவரன்

முப்பத்திரண்டு வருடம் வங்கியில் நகை மதிப்பீடு பார்த்தவன் நான். உரைகல்லில் ஓர் இழுப்பு, ஒரு சொட்டு அமிலம், அப்புறம் தராசு. மேலே கீறல் இருக்கிறதா, பளபளப்பு போய்விட்டதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் போன வருடம் சென்னையில் நடந்த நாணயக் கண்காட்சியில், தரம் போட்டு பிளாஸ்டிக் டப்பாவில் மூடிய, விரல்கூடப் படாத ஒரு பவுனை, அன்றைய தங்க விலைக்கு மேல் கால் பங்கு அதிகம் கொடுத்து வாங்கி வந்தேன்.

1918 பம்பாய் சவரன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேலிருந்து டிராகனைக் கொல்லும் வீரர். பம்பாயில் அந்த ஒரே வருடம்தான் சவரன் அடித்தார்கள், ஏறக்குறைய 13 லட்சம் காசு. ஆண்டு எண்ணுக்கு மேலே உள்ள தரைக்கோட்டின் நடுவில் 'ஐ' என்ற சின்ன ஆங்கில எழுத்து இருக்கும்; லென்ஸ் இல்லாமல் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நம் ஊர் 'சவரன்' என்ற சொல்லே இந்தக் காசிலிருந்து வந்ததுதான். நாம் எட்டு கிராம் என்று கணக்குப் போடுகிறோம். காசின் எடை 7.98 கிராம்.

காசு எவ்வளவு கெடாமல் இருக்கிறது என்று பார்த்துத் தரம் போடும் நிறுவனங்களில் பெரிய பெயர்கள் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டும். 1986, 1987இல் அமெரிக்காவில் தொடங்கியவை. 1 முதல் 70 வரை மதிப்பெண். 60உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. என்னுடையது 62. ராஜாவின் கன்னத்தில் இரண்டு கீறல், மூக்குக்கு முன்னால் ஒரு சின்ன வடு. மற்ற காசுகளோடு பையில் உரசியதால் வந்தவை. 63 எண் காசையும் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தேன். அந்த ஒரு வித்தியாசத்துக்கு விற்றவர் சொன்ன விலை நியாயமாகப் படவில்லை.

பிடிக்காதது ஒன்று உண்டு. பிளாஸ்டிக் டப்பாவை ஒட்டி மூடிவிடுகிறார்கள். எடை போட வழியில்லை, உரைக்க வழியில்லை. உடைத்தால் தரம் போச்சு. என்னைப் போன்றவனுக்கு இது கையைக் கட்டிப்போட்ட மாதிரி. டப்பாவையே போலியாகச் செய்கிறவர்களும் உண்டு. அதனால் டப்பாவுக்குள் இருக்கும் சீட்டின் சான்று எண்ணை, தரம் போட்ட நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

வீட்டில் பாட்டியின் காசு மாலையிலிருந்து மிஞ்சிய ராஜா தலைப் பவுனும் ஒன்று இருக்கிறது. அதற்கும் தரம் வாங்கலாமே என்று மகன் கேட்டான். நூறு வருடம் தாண்டிய காசை நம் நாட்டிலிருந்து நாமாக வெளியே அனுப்பச் சட்டம் விடாது. அனுப்ப முடிந்தாலும், வளையம் பற்ற வைத்த தடம் விளிம்பில் இருப்பதால் எண் போட மாட்டார்கள். 'நகையில் இருந்தது' என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். தங்கத்தில் இரண்டுக்கும் குன்றிமணி வித்தியாசம் கிடையாது.

வாங்கலாமா என்றால், போலிக்குப் பயந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். 61, 62 போதும். அவசரத்துக்கு அடகு வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதைய விதியை வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய புதிதில் பழைய வங்கி சகா ஒருவரிடம் டப்பாவைக் காட்டினேன். "அண்ணே, பேங்க் வித்த காசுன்னாதான் லோன். நீங்க டப்பாவை உடைச்சு எடுத்துட்டு வந்தாலும் கிடையாது" என்று அப்போதைய விதியைச் சொன்னார்.